நத்தை போட்ட பின்னூட்டம்

"வலது கண்ணை மூடுங்க…"

அவன் இடது கண்ணை மூடினான்.

"சார்… வலது!"

"ஐயையோ!" கையை மாற்றியவன் சிரித்துவிட்டான். "நேத்துதான் ஒருத்தங்களை இதுக்காகவே வறுத்தெடுத்தேன் மேடம். 'இன்று கண்டது'ன்னு ஒரு வலைப்பூ. வலது இடது தெரியாதவங்க கண்ணைப் பத்தி எழுதலாமான்னு கேட்டேன். இப்ப நானே…"

அவள் கையிலிருந்த லென்ஸ் நழுவப் பார்த்தது. நத்தை! அந்த வம்புக்கார நத்தையா இவன்?

எல்லோரும் வலைப்பூ எழுதிய காலம் அது. கண் மருத்துவமனையில் பரிசோதனை வேலை முடிந்ததும், அண்ணனின் பழைய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். இணையத்தைத் துழாவி அறிவியல் ஒன்று, தொழில்நுட்பம் ஒன்று, ஓவியம் ஒன்று என்று 'இன்று கண்டது'வில் பெயர் சொல்லாமல் பகிர்வாள். இருபது பேர் படித்தால் அதிகம். அதில் விடாமல் குறை சொல்பவன் நத்தை. அவன் பின்னூட்டம் வராத நாளில் அவளுக்கு ஏனோ வெறிச்சென்று இருக்கும்…

"அங்க நத்தைங்கற பேர்லதான் எழுதுவேன். பஸ் ஓட்டுறேன். மெதுவாப் போறேன்னு பயணிங்க வெச்ச பேருதான் அது," என்றான். பேசும்போது அவன் கண்ணுக்குள்ளும் ஒரு சிரிப்பு ஓடியது.

'நான்தான் அது' என்று சொல்லியிருக்கலாம். கண் பரிசோதிக்கிறவளே கண்ணைப் பற்றித் தப்பாக எழுதினாள் என்று ஒப்புக்கொள்வதா? ரோஷம் தடுத்தது.

அன்று மாலை பின்னூட்டம் வந்தது. "நேற்று திட்டியதற்கு மன்னியுங்கள். இன்று எனக்கே ஒரு பெண் வலது இடது சொல்லிக்கொடுத்தாள். கோபமாகப் பார்த்தாள்… அந்தக் கோபத்தை மறக்க முடியவில்லை. திங்கட்கிழமை கண்ணாடி வாங்கப் போகிறேன். அவளிடம் சொல்ல நல்லதாக ஒன்று தேடித் தருவீர்களா?"

முகம் சூடாகிவிட்டது. அண்ணி எட்டிப் பார்ப்பதற்குள் திரையை மறைத்தாள். பிறகு, தனக்கே தூது போகிறோம் என்று தெரிந்தும், தேடித் தந்தாள்.

திங்கட்கிழமை நல்ல மழை. நனைந்து வந்தவன் புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தயங்கினான்.

"மேடம்… சில பட்டாம்பூச்சி இறக்கையில நீலச் சாயமே கிடையாதாம்…"

"வெளிச்சம் விளையாடுற விளையாட்டுதான் நீலம்," என்று முடித்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவள் எழுதித் தந்த அதே வரி.

அவன் முகம் மாறியது. "நீங்கதானா? ஒரு வாரமா என்னை வெச்சு வேடிக்கை பாத்தீங்களா?"

பதிலுக்கு நிற்காமல் மழைக்குள் இறங்கிவிட்டான்.

மூன்று நாள் பின்னூட்டமே இல்லை. அவளும் எதையும் தேடவில்லை.

"என்னடி, கம்ப்யூட்டர்ல தூசி படியுது?" என்றாள் அண்ணி. அவ்வளவுதான்… எல்லாவற்றையும் அண்ணியிடம் கொட்டிவிட்டாள்.

"அவரு மனசைத் திறந்து எழுதினாரு, நீ மூடி வெச்சே. கோபம் வராதா? நேர்ல போய்ச் சொல்லு, போ."

மறுநாள் காலை விசாரித்துக்கொண்டு போய் அவன் பஸ்ஸில் ஏறினாள். தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் அவளைப் பார்த்தவன் திரும்பவில்லை. ஒவ்வொரு நிறுத்தமாக ஆள் இறங்க, கடைசி நிறுத்தத்தில் கண்டக்டரும் டீ குடிக்கப் போய்விட, அவள் மட்டும் மிச்சம். எஞ்சின் அடங்கியதும் கூரையில் தூறல் சத்தம் கேட்டது.

"வேடிக்கை பாக்கலைங்க. முதல்ல ரோஷம். அப்புறம் பயம்… சொன்னா எழுதறதை நிறுத்திடுவீங்களோன்னு. என்னைப் பத்தி நீங்க எழுதினதை எத்தனை தடவை படிச்சேன் தெரியுமா? பிடிச்சிருக்குங்க. உங்களைப் பாக்கறதுக்கு முன்னாடியே பிடிச்சிருக்கு போல… எனக்குத்தான் தெரியல."

அவன் எழுந்து வந்து, அவளுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தான்.

"எனக்கும்தான்," என்றான் மெல்ல. "அடுத்த ட்ரிப்புக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கு… பேசுங்க."