ஸ்விட்ச் ஆஃபா, அத்தான்?

புரொப்பெல்லர் அவன் விட்டுப்போன மாதிரி இல்லை.

நேற்று மாலை கொட்டகையைப் பூட்டும்போது அந்த மரப் புரொப்பெல்லரைப் படுக்கைவசமாகத் திருப்பிவைத்துவிட்டுத்தான் போயிருந்தான். இருபது வருஷப் பழக்கம். வீட்டில் கேஸை மூடினோமா என்று சந்தேகம் வந்தாலும் வரும், இதில் வராது. இப்போது அது சாய்ந்து நின்றது. அதன் ஒரு முனை விமானத்தின் மூக்குக்கு மேலே தலைதூக்கியிருந்தது. கையால் சுழற்றி எஞ்சினைக் கிளப்புகிறவன் தன் கை எட்டுவதற்காக நிறுத்திவைக்கும் நிலை அது.

காவலாளி கைவைத்திருப்பான் என்று மெக்கானிக் தனக்குள் சொல்லிக்கொண்டான். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு காவலாளி இந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை என்பதும் அவனுக்குத் தெரியும். கொட்டகையில் ஏணி, ஸ்பானர், கதவுத் தாழ்ப்பாள் எல்லாம் காலைக் குளிரில் சில்லிட்டுக் கிடந்தன. எஞ்சின் மூடியில் உள்ளங்கையை வைத்தான். வெதுவெதுப்பாக இருந்தது. நாற்பத்து மூன்று நாட்களாக ஓடாத எஞ்சின்.

கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, விமானத்தை வெளியே தள்ளி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தான். சூடு கையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

கிளப்பில் எல்லோரும் அந்த விமானத்தைக் கிழவி என்பார்கள். அதற்குத் தானாகக் கிளப்பும் செல்ஃப் ஸ்டார்ட்டர் கிடையாது. ஒருவன் உள்ளே உட்கார வேண்டும், ஒருவன் முன்னால் நின்று புரொப்பெல்லரை இழுக்க வேண்டும். கிழவி வாலைத் தரையில் போட்டு மூக்கை வானத்தில் வைத்திருப்பாள். அதனால் உள்ளே இருப்பவனுக்கு முன்னால் நிற்பவன் தெரியவே மாட்டான். குரல் மட்டும்தான். முன்னால் நிற்பவன் “ஸ்விட்ச் ஆஃபா?” என்று கேட்பான். உள்ளே இருப்பவன் பார்த்துவிட்டு “ஆஃப்” என்பான். அதைக் கேட்ட பிறகுதான் இவன் கை மரத்தில் படும்.

முன்னால் நின்றது எப்போதும் மச்சினன்தான், மனைவியின் ஒரே தம்பி. “கிழவிக்கு நாலு தட்டு தட்டினாத்தான் அத்தான் தூக்கம் கலையும்” என்று சிரித்துக்கொண்டே இழுப்பான். அன்றைக்கும் கேட்டான். இவன் உள்ளே குனிந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். சாப்பிட்டாச்சா என்று யாராவது கேட்டால் ஆச்சு என்று வாய் தானாகச் சொல்லுமே, அப்படித்தான் “ஆஃப்” என்றான். ஸ்விட்ச் ஆனில் இருந்தது. மச்சினன் இழுத்ததும் எஞ்சின் பிடித்துக்கொண்டது, புரொப்பெல்லர் அவனை வெட்டிச் சாய்த்தது.

ஆட்கள் ஓடிவருவதற்குள் எஞ்சினை நிறுத்தினான். கட்டிங் பிளேயரை எடுத்து, முழங்காலுக்குப் பக்கத்தில் ஓடும் மெல்லிய வயரை நறுக்கினான். ஸ்விட்சை ஆஃப் செய்தால் எஞ்சினின் தீப்பொறியைக் கொல்வது அந்த வயர்தான். அது அறுந்துவிட்டால் ஸ்விட்ச் எதைச் சொன்னாலும் எஞ்சின் உயிரோடுதான் இருக்கும். விசாரணைக்கு வந்தவர்கள் வயரைப் பார்த்தார்கள், தலையாட்டினார்கள். மனைவி மட்டும் அழுதுகொண்டே அவன் தலையைத் தடவி, “வயர் அறுந்ததுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?” என்றாள். அந்தத் தடவலை அவனால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

பிறகு புது வயர் போட்டான். நேற்று மாலைகூட அந்த வயரை இரண்டு முறை இழுத்துப் பார்த்தான். ஒன்பது மணிக்குக் கிழவியை விலைக்கு வாங்குகிறவர் வருகிறார். புரொப்பெல்லரை இழுக்கப் பக்கத்து மைதானத்திலிருந்து தாடிக்காரன் வருகிறான். எஞ்சின் ஓடிக் காட்டிவிட்டால் கிழவி போய்விடுவாள். அவளோடு எல்லாம் போய்விடும்.

மனைவி ஃப்ளாஸ்க்கோடு வந்தாள். மூடுபனி அவளுக்குப் பின்னாலேயே வந்து மைதானத்தை மூடியது.

“தாடி இன்னும் வரலையா?”

“வந்துடுவான்.”

அவள் டீயை ஊற்றிக் கொடுத்தாள். இவன் வாங்கும்போது பாதி தரையில் சிந்தியது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“ஏங்க, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? வயர்தானே?”

சொல்லிவிடலாம் என்று தோன்றியது. வாய்வரை வந்தது. சொன்னால் இந்த முகம் இனி இவன் பக்கம் திரும்பாது. அந்த வீட்டில் இவனுக்கு இடமிருக்காது.

“வயர்தான்.”

“சத்தியமா?”

“சத்தியமா. வயர்தான்.”

மூடுபனிக்குள் எங்கோ உலோகத்தை உலோகம் கடிப்பது போல ‘நறுக்’ என்று ஒரு சத்தம். அவளுக்குக் கேட்டதாகத் தெரியவில்லை.

“தாடி வர்ற வரைக்கும் முன்னாடி போகாதே” என்றான்.

“அவன் கடைசியா கை வெச்ச இடம் அது. வித்துட்டா அப்புறம் எப்பங்க பார்க்கப்போறேன்?” என்றாள். பதிலுக்குக் காத்திராமல் ஃப்ளாஸ்க்கை மூடிக்கொண்டே நடந்தாள். கொட்டகைப் பக்கம்தான் போகிறாள் என்று நினைத்தான். அப்படி நினைக்கத்தான் பிடித்திருந்தது.

ஏறி உட்கார்ந்தான். பழைய தோல் இருக்கையின் வாசனையும், பெட்ரோலும், எரிந்த எண்ணெயும், இவற்றுக்கு அடியில் எத்தனை முறை சோப்புப் போட்டுக் கழுவியும் போகாத இன்னொரு வாசனையும் மூடுபனியின் ஈரத்தோடு கலந்து மூக்கில் ஏறின. எதிரே வெளிறிய வெள்ளை, அதற்கு முன்னால் கிழவியின் தூக்கிய மூக்கு, அதற்கு மேலே புரொப்பெல்லரின் ஒற்றை முனை. எஞ்சினுக்குள் சூடான இரும்பு ஆறும்போது வருகிற ‘டிக், டிக்’ சத்தம் கேட்டது. ஓடாத எஞ்சின் ஆறாது. காதை மூடிக்கொள்ளலாமா என்று பார்த்தான்.

சரளைக்கல்லில் காலடிச் சத்தம். மூக்குக்கு முன்னால் வந்து நின்றது.

“தாடி?”

புரொப்பெல்லர் லேசாக முனகியது. யாரோ அதில் சாய்ந்தார்கள்.

“தாடி, நீயா?”

“ஸ்விட்ச் ஆஃபா, அத்தான்?”

அவனை அத்தான் என்று கூப்பிட உலகத்தில் ஒரே ஒருத்தன்தான் இருந்தான்.

கண் ஸ்விட்சுக்குப் போனது. இந்த முறை பார்த்தான். நன்றாகப் பார்த்தான். ஸ்விட்ச் கீழே இருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தான். ஆஃப். சத்தியமாக ஆஃப்.

அப்போது முழங்காலில் ஏதோ குத்தியது.

குனிந்தான்.

புது வயர் தொங்கிக்கொண்டிருந்தது. பிளேயரால் நறுக்கிய வெட்டு. அன்றைக்கு நறுக்கிய அதே இடம். செப்பு பளபளவென்று இருந்தது.

எஞ்சின் உயிரோடு இருக்கிறது.

“ஏங்க...” மூக்குக்கு முன்னாலிருந்து இன்னொரு குரல். மனைவி. அழுகையும் சிரிப்புமாக. “ஏங்க, இங்க யாரு நிக்கிறா பாருங்களேன்.”

தலையைத் தூக்கினான். புரொப்பெல்லர் முனையில் விரல்கள் தெரிந்தன. மெல்லிய நான்கு விரல்கள். ஒன்றில் இவன் போட்ட மோதிரம். அவற்றை ஒட்டி வேறு நான்கு. நகக்கண்ணில் கிரீஸ். மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றுமே இல்லை.

தொடாதே என்று கத்த வேண்டும். ஆன். ஆன் என்று சொன்னால் போதும். ஒரே ஒரு வார்த்தை.

“ஆஃபா, அத்தான்?”

வாயைத் திறந்தான்.

“ஆஃப்” என்றது வாய்.

எட்டு விரல்களும் இறுகின. முனை கீழே இறங்கியது.