ஏழாம் நம்பர் சைக்கிள்

அந்தப் பாதையில் ஒரு காலத்தில் ரயில் ஓடியது. தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு, இருபுறமும் மரம் நட்டு, நடக்கவும் சைக்கிள் மிதிக்கவும் விட்டிருந்தார்கள். இந்த முனையில் குளத்துப் பூங்கா, அந்த முனையில் மலைப் பூங்கா, நடுவில் ரயிலுக்காகக் குடைந்த ஒரு குகை. குளத்துப் பூங்கா காவலாளி வாடகை சைக்கிளை அனுப்புவார். மலைப் பூங்காவில் அவருடைய மச்சினன் வாங்கி வைப்பான். மாலை ஆறு மணிக்குப் போனில் எண்ணிக்கை ஒத்துப்போன பிறகுதான் இரண்டு கேட்டையும் பூட்ட வேண்டும்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் ஏழாம் நம்பர் போய்ச் சேரவில்லை.

"எவனாவது வழியில போட்டுட்டுப் போயிருப்பான். பூட்டுடா மாப்ள," என்றார் காவலாளி. வீட்டுக்குப் போகிற அவசரம் அவருக்கு.

மறுநாள் காலையில் குகைக்குள் ஒரு பெண் செத்துக் கிடந்தாள். கால் முறிந்தவள், வெகுதூரம் தவழ்ந்திருந்தாள். எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது என்று இருவரும் ஒரே வாயாகச் சாதித்துவிட்டார்கள். வழியில் கிடந்த ஏழாம் நம்பரை, யார் கண்ணிலும் படுமுன் காவலாளி எடுத்துவந்து, சங்கிலி போட்டுத் தன் கொட்டகையில் பூட்டினார்.

இன்று அனுப்பியது பன்னிரண்டு சைக்கிள். அதில் நான்காம் நம்பரில் அவருடைய மகள் தாய்மாமனைப் பார்க்கக் கிளம்பியிருந்தாள். ஆறு மணிக்கெல்லாம் பனி இறங்கிவிட்டது. போன் அடித்தது.

"பன்னிரண்டும் வந்தாச்சு மாமா. பூட்டிடலாம்."

"பாப்பா உன்கிட்டதானே இருக்கா?"

"பாப்பாவா? இங்க வரவே இல்லையே."

"அப்புறம் எப்படிடா பன்னிரண்டு? நம்பரைப் படி."

படித்தான். நான்கு இல்லை. அவன் குரல் உள்ளே போயிற்று.

"மாமா... ஏழு நிக்குது."

டார்ச்சோடு ஓடினார்.

குகைக்குள் ஈர மண் வாடை. எங்கோ ஒரு சக்கரம் சும்மா சுற்றுகிற சத்தம்.

"பாப்பா!"

"இங்க இருக்கேன்பா."

செயின் அறுந்து, முட்டி பெயர்ந்து, சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அள்ளிக்கொண்டு அழுதுவிட்டார்.

"நான் பயப்படலப்பா. ஒரு அக்கா கையைப் பிடிச்சுக்கிட்டே இருந்தாங்க. 'எனக்கு யாரும் வரல, உனக்கு அப்பா வருவார்'னு சொன்னாங்க."

மகளுடைய கை பனிக்கட்டியாகச் சில்லிட்டிருந்தது.

தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். கொட்டகையில் சங்கிலி பூட்டியபடியே கிடந்தது. சைக்கிள் இல்லை.

மறுபடி போன்.

"மாமா, ஏழாம் நம்பரையும் காணோம்! இப்பதான் நின்னுச்சு. கேட்டைப் பூட்டட்டுமா?"

சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டார். அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இப்போது சொன்னார்.

"வேண்டாம்டா. ஒரு ஆள் இன்னும் வரல."

குகைக்குள்ளிருந்து, ஒரே ஒருமுறை, சைக்கிள் மணி அடித்தது.