ஹெல்மெட்டைத் தட்டியது யார்?

ஜூனிக்குப் பத்து வயது. இந்தப் பத்து வருடத்தில் அவள் சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தையெல்லாம் கூட்டினால், ஒரு ஐஸ்கிரீம் தின்று முடிக்கும் நேரம்கூடத் தேறாது.

அதனால்தானோ என்னவோ, பந்தய வண்டிக்குள் அவளை உட்காரவைக்க ஐந்து பெல்ட் தேவைப்பட்டது. அம்மா ஒவ்வொன்றாக இழுத்து இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"காலை ஆட்டாதடி. இஞ்சின் இன்னும் போடவே இல்ல, அதுக்குள்ள வண்டி குலுங்குது."

"எப்பம்மா விடுவாங்க? எவ்வளவு நேரம்தான் இப்படியே இருக்கிறது?"

"இப்பத்தானே வந்து நின்னோம்?"

வண்டி பச்சை நிறம். எண் பன்னிரண்டு. குளிக்கும் தொட்டியைவிடக் கொஞ்சம்தான் பெரியது. சுற்றிலும் இரும்புக் குழாய்க் கூண்டு, பின்னால் புல்வெட்டும் எந்திரத்தில் இருப்பது போன்ற ஒரு சின்ன இஞ்சின். அமெரிக்காவின் விஸ்கான்சினில், ஹேசல் ரிட்ஜ் ஊருக்கு வெளியே, சோளக் காட்டை ஒட்டி ஒரு குட்டி டிராக் உண்டு. அங்கே சனிக்கிழமைதோறும் பிள்ளைகள் இந்த வண்டிகளில்தான் பந்தயம் ஓட்டினார்கள். சின்ன வண்டி என்று யாராவது சொல்லிவிட்டால் ஜூனிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

நடுவர் உட்காரும் டவருக்குக் கீழே ஒரு கரும்பலகை தொங்கியது. அதைப் பார்க்கக் கூடாது என்றுதான் ஜூனி நினைத்தாள். கண் கேட்கவில்லை.

பலகையில் எல்லாப் பிள்ளைகளின் பெயரும் இருந்தது. யாரையாவது இடித்தால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. மூன்று புள்ளி விழுந்தால் அடுத்த பந்தயம் கிடையாது. ஜூனியின் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு புள்ளிகள் முழித்துக்கொண்டிருந்தன.

அடுத்த சனிக்கிழமைதான் இந்த வருடத்தின் கடைசிப் பந்தயம். பெரிய பந்தயம். போன வருடம் அந்தப் பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்னால் ஜூனி கட்டிலிலிருந்து கட்டிலுக்குத் தாவி மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். கையில் மாவுக்கட்டுடன் வேலிக்கு வெளியே நின்று மற்றவர்களுக்காகக் கத்தினாள். அன்று பட்ட அவஸ்தையை அவள் இன்னும் மறக்கவில்லை. இந்த வருடம் எப்படியும் ஓட்டியே தீர வேண்டும்.

"ஏய் ஜூனி!"

பக்கத்து வண்டியிலிருந்து எம்மெட் எட்டிப் பார்த்தான். அவனுடையது ஆரஞ்சு வண்டி, எண் ஏழு.

"இன்னிக்காவது என் பின்பக்கத்துக்கு முத்தம் கொடுக்காம ஓட்டுவியா?"

"நீ ஆமை மாதிரி போனா நான் என்னடா பண்றது?"

"ஆமையா இருந்தாலும் முறையாத்தான் தாண்டணும். வளைவுக்கு முன்னாடியே உன் வண்டி மூக்கு என் தோள்வரைக்கும் வந்திருச்சுன்னா, ஒரு வண்டி போற அளவுக்கு இடம் விடுவேன். வரலைன்னா கதவச் சாத்திருவேன். அப்புறம் மூக்கு போச்சு, முகரை போச்சுன்னு அழக் கூடாது."

"உன் கதவ நீயே வச்சுக்க!"

எம்மெட் சிரித்தான். மூக்கு தோளுக்கு வந்தால் இடம், வராவிட்டால் முன்னால் போகிறவனுக்கே வளைவு. இது அந்த டிராக்கில் ஓட்டும் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு மாதிரி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஜூனியும் சொல்வாள். ஓட்டும்போதுதான் அவளுக்குப் பொறுமை இருக்காது.

முந்தைய பந்தயம் இன்னும் முடியவில்லை. அதில் இரண்டு வண்டிகள் மோதிக்கொண்டு நின்றிருந்தன. முன்பல் விழுந்த ஒரு பொடியன் தன் ஹெல்மெட்டின் உச்சியை டப் டப் என்று தட்டினான். என் தப்பு என்று அர்த்தம். அவனைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார்கள். மோதப்பட்ட பிள்ளைக்குப் பழைய இடமே கிடைத்தது. யாருமே தட்டாவிட்டால், டவரில் இருப்பவருக்கும் சரியாகத் தெரியாவிட்டால், இருவருமே கடைசிக்குப் போக வேண்டியதுதான்.

"தட்டுனா அவனுக்குப் புள்ளி கிடையாதாம்மா?" என்று ஜூனி கேட்டாள்.

"தட்டினாலும் புள்ளி புள்ளிதான்," என்றாள் அம்மா.

ஒருவழியாக அவர்கள் முறை வந்தது. அம்மா வண்டியைத் தள்ளிவிட்டாள். இஞ்சின் உறுமியது. பச்சைக் கொடி அசைந்தது.

எம்மெட் முதலில் பாய்ந்தான். ஜூனி இரண்டாவது. மூன்றாம் எண் வண்டியில் பிக்ஸி என்ற எட்டு வயதுக் குட்டிப் பெண் மூன்றாவதாக வந்தாள். ஒரு சுற்று, இன்னொரு சுற்று, அதற்கும் மேல் ஒரு சுற்று. ஜூனியின் கண்ணுக்கு எதிரே எம்மெட்டின் ஆரஞ்சு முதுகு மட்டுமே தெரிந்தது.

எம்மெட் இந்த வருடம் ஒரு பந்தயத்தில்கூட ஜெயிக்கவில்லை. எப்போதும் நாலாவது, ஐந்தாவது. இன்றைக்கு என்ன சாப்பிட்டுவிட்டு வந்தானோ, பறந்தான்.

'போடா, போ போ போ,' என்று ஹெல்மெட்டுக்குள் முனகினாள் ஜூனி. இடது பக்கம் எட்டிப் பார்த்தாள். இடமில்லை. வலது பக்கம் போனாள். அங்கும் இல்லை. கை அரித்தது. கால் அரித்தது. காத்திருக்கலாம், இன்னும் சுற்றுகள் இருக்கின்றன. ஆனால் காத்திருப்பது என்றாலே அவளுக்குப் பாகற்காய்.

வளைவு வந்தது. உள்பக்கம் ஒரு சின்ன இடைவெளி தெரிந்தது. ஜூனி மூக்கை நுழைத்தாள்.

டமார்!

ஆரஞ்சு வண்டி பம்பரமாகச் சுழன்றது. பச்சை வண்டி புல்லில் ஏறி, இருமி, நின்றது. மஞ்சள் கொடி எழுந்தது.

அம்மா ஓடி வந்தாள். கூண்டு வழியாக எட்டிப் பார்த்தாள். "அடி எதுவும் படலையே?"

ஜூனி இல்லை என்று தலையாட்டினாள்.

"யாரு இடிச்சது?"

ஜூனி தோளைக் குலுக்கினாள். தெரியாது என்பது போல.

ஆனால் அவளுக்குத் தெரியும். இடித்த நொடியில் அவளுடைய முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் எம்மெட்டின் பின்சக்கரம்தான் சுழன்றுகொண்டிருந்தது. அதன் நடுவில் இருந்த மரை ஆணியைக்கூடப் பார்த்தாள். தோள் எங்கே, பின்சக்கரம் எங்கே!

அம்மா வண்டியைத் தள்ளி மறுபடி கிளப்பிவிட்டாள். எல்லா வண்டிகளும் மஞ்சள் கொடியின் கீழ் மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தன.

ஹெல்மெட்டுக்குள் கரகரவென்று ஒரு குரல் கேட்டது. டவரிலிருந்து லொரெட்டா மிஸ். வார நாட்களில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். பின் இருக்கைக் குறும்பர்களையும் அடக்கிப் பழகிய குரல். அவர் பேசுவது எல்லாப் பிள்ளைகளுக்கும் கேட்கும். பிள்ளைகள் பதில் பேச முடியாது.

"ஏழு, பன்னிரண்டு, கேளுங்க. மூணாம் நம்பர் குறுக்க வந்து மறைச்சிருச்சு, எனக்கு எதுவும் தெரியல. ஒரு சுற்று தர்றேன். யார் தப்போ அவங்க தட்டுங்க. யாரும் தட்டலைன்னா ரெண்டு பேரும் கடைசிக்குப் போகணும்."

ஒரு சுற்று.

ஜூனியின் இரண்டு கைகளும் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தன. பேசாமல் இருந்தால் போதும். புள்ளி விழாது. அடுத்த சனிக்கிழமை பெரிய பந்தயம் ஓட்டலாம்.

'அவன் மெதுவாப் போனான்,' என்று அவள் தனக்குள் சொன்னாள். பொய். அவன் மெதுவாகப் போயிருந்தால் அவள் எப்போதோ தாண்டியிருப்பாள்.

'வெயில் கண்ணுல பட்டுச்சு.' அதுவும் பொய். வானம் மூடிக்கிடந்தது.

'அவனுக்கு ஒண்ணும் அடிபடல.' அது உண்மை. ஆனால் எம்மெட் முதல் இடத்திலிருந்து கடைசி இடத்துக்குப் போவான். இந்த வருடத்தில் முதல் தடவையாக முன்னால் போய்க்கொண்டிருந்தவன்.

பாதிச் சுற்று முடிந்துவிட்டது. ஆரஞ்சு வண்டி பக்கத்திலேயே வந்துகொண்டிருந்தது. எம்மெட் அவள் பக்கம் திரும்பவே இல்லை. நேராகப் பார்த்து ஓட்டினான். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது ஜூனிக்கு. முஷ்டியைக் காட்டியிருந்தால் அவளும் காட்டியிருப்பாள், கணக்குச் சரியாகியிருக்கும்.

கடைசி வளைவு வந்துவிட்டது. பெரிய பந்தயம். போன வருடம் வேலிக்கு வெளியே கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது. பின்சக்கரத்தின் மரை ஆணி. எல்லாம் மண்டைக்குள் ஒன்றாகச் சுற்றின.

ஜூனிக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே ஒரு கையை எடுத்து ஹெல்மெட்டில் தட்டினாள். டப் டப் டப்.

"பன்னிரண்டு தட்டியாச்சு," என்றது லொரெட்டா மிஸ்ஸின் குரல். "நல்லது. அப்ப பன்னிரண்டு கடைசிக்கு... இரு இரு. என்னது இது? ஏழும் தட்டுது!"

ஜூனி திரும்பிப் பார்த்தாள். எம்மெட் தன் ஹெல்மெட்டை டப் டப் என்று தட்டிக்கொண்டிருந்தான்.

"டேய், நீ எதுக்குத் தட்டுற?" என்று கத்தினாள். இஞ்சின் சத்தத்தில் அவளுக்கே அது கேட்கவில்லை. அவன் தட்டுவதை நிறுத்தட்டும் என்று இவள் இன்னும் பலமாகத் தட்டினாள். அவன் அதைவிடப் பலமாகத் தட்டினான்.

"ஒரு ஆள் தட்டுங்கன்னா, ரெண்டு பேரும் சேர்ந்து மேளம் அடிக்கிறீங்களே!" லொரெட்டா மிஸ்ஸுக்குப் பொறுமை போய்விட்டது. "எல்லாரும் வண்டிய நிறுத்துங்க. நான் கீழ வர்றேன்."

சிவப்புக் கொடி எழுந்தது. வண்டிகள் டவருக்கு எதிரே நின்றன. லொரெட்டா மிஸ் படியிறங்கி வருவதற்குள் இருவரும் ஹெல்மெட்டின் முன்கண்ணாடியைத் தூக்கிவிட்டுச் சண்டையை ஆரம்பித்துவிட்டார்கள்.

"என் தப்பு மிஸ்!" என்றாள் ஜூனி. "என் மூக்கு இவன் தோளுக்கு வரவே இல்ல. பின்சக்கரத்துக்கிட்டதான் இருந்துச்சு."

"இல்ல மிஸ், என் தப்பு," என்றான் எம்மெட். "இவ வர்ற சத்தம் கேட்டுச்சு. ஜெயிச்சிருவாளோன்னு பயந்து சட்டுன்னு உள்ள இறங்கிட்டேன். நேரா போயிருந்தா பட்டிருக்காது."

"நீ எங்க வேணா இறங்கலாம்டா, நீதானே முன்னாடி போன!"

"அப்படி வெட்டுனாப்ல இறங்கக் கூடாதுடி, லூசு!"

"நீதான் லூசு! என் தப்ப நீ ஏன் எடுத்துக்கிற?"

வேலிக்கு அப்பால் நின்ற பெற்றோர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்தவர்கூட அடுப்பை விட்டுவிட்டு வேலியருகே வந்துவிட்டார்.

லொரெட்டா மிஸ் இடுப்பில் கைவைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் பண்ணலன்னு சண்டை போட்டு நிறையப் பார்த்திருக்கேன். நான்தான் பண்ணினேன்னு அடிச்சுக்கிறத இன்னிக்குத்தான் பார்க்கிறேன். ரெண்டு பேரும் கடைசிக்குப் போங்க."

"புள்ளி, மிஸ்?" என்று ஜூனி கரும்பலகையைக் காட்டினாள்.

"அத அப்புறம் பார்க்கலாம். முதல்ல பந்தயத்த முடிங்க."

அப்புறம்! ஜூனிக்கு அப்புறம் என்ற வார்த்தையே பிடிக்காது. ஆனால் வேறு வழியில்லை.

பச்சைக் கொடி மறுபடி அசைந்தது. முதல் இடம் இப்போது பிக்ஸிக்கு. எம்மெட்டும் ஜூனியும் கடைசியிலிருந்து ஒவ்வொரு வண்டியாகத் தாண்டினார்கள். அவன் தாண்டினால் இவளும் தாண்டினாள். கடைசிச் சுற்றுக்குள் அவர்களுக்கு முன்னால் பிக்ஸி மட்டுமே இருந்தாள்.

வளைவு வந்தது. ஜூனியின் மூக்கு எம்மெட்டின் பின்சக்கரத்துக்கு வந்தது. இடைவெளி தெரிந்தது. கை அரித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே இருந்தாள். அதைவிடக் கஷ்டமான காரியம் எதையும் அவள் அன்றுவரை செய்ததில்லை.

வளைவைத் தாண்டியதும் நேர்பாதை. ஜூனி முழுசாக மிதித்தாள். மூக்கு மெல்ல மெல்ல ஏறி அவன் தோளுக்கு வந்தது. அடுத்த வளைவில் எம்மெட் ஒரு வண்டி போகும் அளவுக்கு இடம் விட்டான். அதற்குமேல் ஓர் அங்குலம்கூட விடவில்லை. இரண்டு வண்டிகளும் ஒட்டினாற்போல வளைந்து, உரசாமல் வெளியே வந்தன. முடிவுக் கோட்டில் எம்மெட் இரண்டாவது. ஜூனி மூன்றாவது. வித்தியாசம் ஒரு சக்கரம்தான்.

ஜெயித்த பிக்ஸிக்கு அவள் உயரத்தைவிடப் பெரிய கோப்பை கிடைத்தது. அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவள் லொரெட்டா மிஸ்ஸிடம் கேட்டாள்: "நான் யாரையும் இடிக்கல மிஸ். ஆனா நானும் தட்டணுமா?"

லொரெட்டா மிஸ் சாக்பீஸுடன் கரும்பலகைக்கு நடந்தார். எல்லாரும் பின்னாலேயே போனார்கள். ஜூனி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தாம்மா இடிச்சேன். தெரிஞ்சேதான் தோளைக் குலுக்கினேன்."

"தெரியும்," என்றாள் அம்மா. "நீ பொய் சொன்னா உன் காது சிவந்துரும். ஹெல்மெட் போட்டிருந்ததால கொஞ்சம் சந்தேகமா இருந்துச்சு, அவ்வளவுதான்."

லொரெட்டா மிஸ் ஜூனியின் பெயருக்குப் பக்கத்தில் ஓர் அரை வட்டம் போட்டார். எம்மெட்டின் பெயருக்குப் பக்கத்தில் இன்னோர் அரை வட்டம் போட்டார்.

"ஒரு தப்பு, ரெண்டு பேர் பங்கு. ஆளுக்கு அரைப் புள்ளி."

"அரைப் புள்ளின்னு ஒண்ணு இருக்கா?" என்று யாரோ கேட்டார்கள்.

"இப்ப இருக்கு," என்றார் லொரெட்டா மிஸ்.

ஜூனி விரல் விட்டு எண்ணினாள். இரண்டு, இரண்டரை. மூன்று இல்லை! அவள் போட்ட கத்தலில் சோளக் காட்டிலிருந்த காக்கைகள் எல்லாம் பறந்தன.

அடுத்த சனிக்கிழமை, பெரிய பந்தயத்தின் முதல் வரிசையில் ஒரு பச்சை வண்டியும் ஓர் ஆரஞ்சு வண்டியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. நடுவில் ஒரு கை நுழையக்கூட இடமில்லை. இரண்டு பேரில் ஒருவரும் தள்ளிப் போகவில்லை.