பாட்டி மடி

"அங்க போகாதேடி! பாட்டி மடி. மனுஷாளை விட அவாளுக்கு மடிதான் ஒசத்தி!"

சமையலறைக்குள் ஓடப் பார்த்த மகளை ஷ்ரேயா இழுத்துக்கொண்டாள். மாமனார் கஸ்தூரிரங்கனின் அப்பாவுக்கு அன்று திவசம். குளித்துவிட்டு, யாரும் தொடக்கூடாத மடிப்புடவையோடு வடைக்கு அரைத்துக்கொண்டிருந்த விசாலாக்ஷிக்கு மருமகளின் சொல் சுருக்கென்று தைத்தது. நாலு வருஷமாகக் கேட்டுக்கொள்கிற சொல்தான், பாவம்!

கொரோனா இரண்டாம் அலையில் ஷ்ரேயாவின் அப்பா வேளச்சேரியில் இறந்துபோனார். முகத்தைக்கூடக் காட்டவில்லை. ஐந்து மாத வயிற்றோடு கதறியபடி மாமியாரைக் கட்டிக்கொள்ள ஓடினாள் அவள். "தொடாதே... நான் மடி!" என்று கதவைச் சாத்திக்கொண்டாள் விசாலாக்ஷி. திவசத்தைத் தவிர மற்ற நாளில் மடியே பார்க்காத டீச்சர்! ஆனாலும் மயிலாப்பூர் வீட்டில் மடி என்றால் ஏன் என்று யார் கேட்பார்கள்? அன்றோடு "அம்மா" என்று கூப்பிடுவதையே விட்டாள் ஷ்ரேயா.

"அலமாரில பஞ்சபாத்திரம் இருக்கும், எடும்மா," என்றார் கஸ்தூரிரங்கன்.

எடுத்தபோது, விரித்திருந்த செய்தித்தாளுக்கு அடியிலிருந்து ஒரு தினசரி காலண்டர் தாள் விழுந்தது. தன் அப்பா இறந்த தேதி! பின்புறம் மாமியாரின் கையெழுத்து.

'ஜுரம் 102. ஆக்ஸிஜன் 92. ஷ்ரேயா கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்தாள். தொடவில்லை.'

"எங்கிட்ட சத்தியம் வாங்கிண்டுட்டாம்மா..." என்று தலைகுனிந்தார் கஸ்தூரிரங்கன். "நீ கோபத்துல அவ ரூம் பக்கமே வரலே; பதினாலு நாளும் நான்தான் கதவண்டை தட்டை வெச்சுட்டு வருவேன்."

ஷ்ரேயா சமையலறைக்கு ஓடினாள். "ஏம்மா சொல்லலே? ஒரு வார்த்தை..."

"உங்கப்பாவைக் கொண்டுபோன ஜுரம் இந்த ஆத்துக்கும் வந்துடுத்துன்னு, வயத்துல பிள்ளையோட நிக்கறவகிட்ட எப்படிடி சொல்வேன்? அப்புறமாவது சொல்லியிருக்கணும். நீ முகம் கொடுத்துப் பேசலே... எனக்கும் வீம்பு. தப்புதான்!"

"நாலு வருஷம் உங்களை அம்மான்னு கூப்பிடலையே நான்..."

ஷ்ரேயாவின் கைகள் நீண்டன. பழக்கத்தில் பாதியிலேயே நின்றன. விசாலாக்ஷி மாவுக் கையோடு வந்து அவளை இறுகக் கட்டிக்கொண்டாள்.

"விசாலம், மடி! திவசத்துக்கு வாத்யார் வர நேரம்!" என்று பதறினார் கஸ்தூரிரங்கன்.

"வரட்டும். இன்னொரு தரம் குளிச்சுக்கறேன்," என்று விம்மினாள் விசாலாக்ஷி. "அன்னிக்கும் இப்படிக் குளிச்சாப் போற விஷயமா இருந்திருக்கக் கூடாதாடி...!"

இருவரும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"பாட்டி... மடி?" என்று தயங்கி நின்றது குழந்தை.

ஷ்ரேயா அவளைத் தூக்கி மாமியாரின் மடியில் உட்காரவைத்தாள்.

"ஆமாண்டி கண்ணா. பாட்டி மடி," என்றாள்.