நைனா தலைக்கு மேலே போகும் விமானம்

சாம்சனுக்கு நாலு வயது. வானத்தில் எந்த விமானம் போனாலும் கையை ஆட்டுவான். சோறு தின்றுகொண்டிருந்தாலும் சரி, குளித்துக்கொண்டிருந்தாலும் சரி, சத்தம் கேட்டால் போதும், தெருவுக்கு ஓடிவிடுவான். ஒருநாள் உடம்பெல்லாம் சோப்பு நுரையோடு ஓடினான். தண்ணீர் லாரிக்காரர் வண்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

“நைனா, நைனா” என்று கூப்பிட்டுக்கொண்டேதான் ஆட்டுவான். கும்மிடிப்பூண்டிப் பக்கம் நிறைய வீடுகளில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவார்கள். கொஞ்ச தூரம் போனால் ஆந்திரா வந்துவிடுகிறதே, அதனால்.

சாம்சனின் நைனா பெயர் ஸ்டீபன். வெல்டர். முன்பு சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் இருந்தார். போன வருஷம் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனார். எல்லாருமாக விமான நிலையம் போய் வழியனுப்பினார்கள். அப்புறம் ரயிலுக்காக நின்றபோது, தலைக்கு மேலே ஒரு விமானம் கிளம்பிப் போனது. “பார்றா, அதுலதான் நைனா கீறாரு” என்று அம்மா காட்டினார்.

அம்மா சொன்னது அந்த ஒரு விமானத்தை. சாம்சன் எடுத்துக்கொண்டதோ எல்லா விமானத்தையும். நைனா விமானத்தில்தான் குடியிருக்கிறார், சத்தமாகக் கூப்பிட்டால் ஒருநாள் தெருமுனையில் இறங்கிவிடுவார் என்று நினைத்துக்கொண்டான். பிள்ளை நெஞ்சுக்குள் இப்படி ஒன்று இருப்பது யாருக்கும் தெரியவில்லை.

அவன் அக்கா பிரின்சிக்கும் தெரியாது. அவளுக்குப் பதினோரு வயது. கோடை விடுமுறை. அம்மா மேரி காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போய்விடுவார். கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அதனால் போன் பிரின்சியிடம் இருக்கும். பக்கத்து வீட்டுக் கிறிஸ்டினா அக்கா, கல்லூரியில் படிப்பவள், அந்தப் போனில் ஒரு இணையதளத்தைத் திறந்து காட்டினாள்.

உலக வரைபடம் ஒன்று வந்தது. அதன்மேல் மஞ்சள் நிறத்தில் குட்டிக் குட்டி விமானங்கள் எறும்பு மாதிரி ஊர்ந்தன. எதைத் தொட்டாலும் எங்கிருந்து எங்கே போகிறது, எவ்வளவு உயரத்தில் போகிறது என்று காட்டியது. பிரின்சிக்கு அதன்பிறகு வேறு விளையாட்டே வேண்டியிருக்கவில்லை. சத்தம் கேட்டால் அவளும் தெருவுக்கு ஓடினாள். ஒன்று கொல்கத்தாவுக்கு, ஒன்று புவனேஸ்வரிலிருந்து, ஒன்று டெல்லிக்கு.

ஒருநாள் சாம்சன் பக்கத்தில் நின்று கை ஆட்டிக்கொண்டிருந்தான். எல்லாம் தெரிந்தவளைப் போல அவள் சொன்னாள்:

“டேய், இது கொல்கத்தா போவுது. இதுல நைனா இல்ல.”

அடுத்த விமானத்திலும் இல்லை என்றாள். அதற்கடுத்ததிலும் இல்லை என்றாள்.

“அப்ப எதுலதான் கீறாரு?”

“எதுலயும் இல்ல. நைனா மஸ்கட்ல கீறாரு.”

உண்மையைத்தான் சொன்னாள். ஆனால் கண் போனிலேயே இருந்தது. தம்பியின் முகம் என்ன ஆனது என்று அவள் பார்க்கவில்லை.

அதன்பிறகு சாம்சன் கை ஆட்டுவதை நிறுத்திவிட்டான். விமானச் சத்தம் கேட்டால் தரையைப் பார்த்தான். வெள்ளிக்கிழமை நைனாவுக்கு லீவு. வீடியோ காலில் வந்தார். சாம்சன் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். அம்மா ஆம்லெட் போட்டுத் தருவதாகச் சொல்லியும் வரவில்லை. “அது நைனா இல்ல, படம்” என்று கட்டிலுக்கு அடியிலிருந்தே சொன்னான்.

பரவாயில்லை, விளையாடட்டும் என்றார் நைனா. ஆனால் பேசி முடிக்கிறவரை அவர் கண்கள் சாம்சனைத் தேடிக்கொண்டே இருந்தன.

அடுத்த வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். அம்மா அடுப்படிக்குப் போன நேரம் பார்த்து நைனா மெதுவாகக் கேட்டார்: “ஒரு வருஷத்துல என்ன மறந்துட்டானா பிரின்சி?”

பிரின்சி கட்டிலுக்கு அடியில் எட்டிப் பார்த்தாள். எந்த விமானத்திலும் நைனா இல்லை என்று சொன்னது யார் என்று அவளுக்குத் தெரியுமே.

ஏதாவது ஒரு விமானத்தைக் காட்டி, இதில்தான் இருக்கிறார் என்று சொல்லிவிடலாமா? சொன்னால், ஏன் இறங்கவில்லை என்று கேட்பான். வேண்டாம். அவள் வரைபடத்தை விரலால் தள்ளித் தள்ளி மஸ்கட்டுக்குக் கொண்டுபோனாள். அங்கேயும் மஞ்சள் எறும்புகள். நைனா தங்கியிருக்கும் இடம் விமான நிலையத்துக்குப் பக்கம்தான். நாளெல்லாம் தலைக்கு மேலே சத்தம் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

அப்போதுதான் அவளுக்கு அது தோன்றியது. நம் தலைக்கு மேலேயும் போய், நைனா தலைக்கு மேலேயும் போகிற விமானம் ஒன்றாவது இருக்காதா?

இரண்டு நாள் தேடினாள். அகப்படவில்லை. மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஒன்று வந்தது. சத்தமே இல்லை. சாக்பீஸால் வைத்த பொட்டு மாதிரி அவ்வளவு உயரத்தில் போனது. மலேசியாவிலிருந்து மஸ்கட்டுக்கு, நடுவில் எங்கேயும் இறங்காது.

உடனே ஓடிப்போய்த் தம்பியிடம் சொல்லிவிடவில்லை. ஒருமுறை அவசரப்பட்டுப் பேசியதே போதும். அந்த மஞ்சள் புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அது ஆந்திராவைத் தாண்டி, கர்நாடகாவைத் தாண்டி, கடலுக்கு மேலே போனது. திடீரென்று காணவில்லை. பிரின்சி வரைபடத்தை இப்படியும் அப்படியும் தள்ளித் தேடினாள். ரொம்ப நேரம் கழித்து மஸ்கட்டுக்குப் பக்கத்தில் மறுபடி தெரிந்தது. விமானம் அனுப்பும் தகவலைப் பிடிக்கிற பெட்டிகள் கரையில்தான் இருக்கின்றன, நடுக்கடலில் பிடிக்க ஆள் இல்லை என்று கிறிஸ்டினா அக்கா விளக்கினாள். மறுநாளும் அப்படியே மறைந்து வந்தது. அதற்கு மறுநாளும்.

வியாழக்கிழமை சாயங்காலம் நைனாவைக் கூப்பிட்டு, நாளை மதியம் வெளியே வந்து நிற்க வேண்டும் என்றாள். இந்த வெயிலிலா என்று சிரித்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

“எத்தன மணிக்கு?” என்று மட்டும் கேட்டார் நைனா.

வெள்ளிக்கிழமை காலை சாம்சனைத் தெருமுனைத் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் இழுத்துக்கொண்டு போகவேண்டியிருந்தது. பிரின்சி மேலே காட்டினாள்.

“இதுலயும் நைனா இல்லடா. ஆனா இது இங்கேந்து போயி நைனா தலைக்கு மேல போவும்.”

சாம்சன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். “நைனாவ பாக்குமா?”

“நைனா அத பாப்பாரு.”

அவன் யோசித்தான். கையை ஆட்டவில்லை. இரண்டு கையையும் வாயைச் சுற்றிக் குவித்து வைத்து, மேலே பார்த்து என்னவோ சொன்னான். அதற்குள் விமானம் பாதி ஆந்திராவைத் தாண்டியிருக்கும். என்னடா சொன்னே என்று கேட்டதற்கு, “ஒனக்கு இல்ல” என்றுவிட்டான்.

அப்புறம் பாயில் போனை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார்கள். சாம்சன் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து கேட்டான், இருக்குதா என்று. இருந்தது. ஒன்றுக்குப் போய்விட்டு வந்து கேட்டான். இருந்தது. மூன்றாவது முறை கேட்கும்போது இல்லை.

“உழுந்துடுச்சா?” அவன் உதடு கோணியது.

“இல்லடா. கடல்ல அத பாக்க யாரும் இல்ல. அந்தாண்ட போனா தெரியும்.”

உறுதியாகத்தான் சொன்னாள். ஆனால் மூன்று நாள் வந்தது நாலாம் நாளும் வரவேண்டுமே. அவளும் போனைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கிறிஸ்டினா அக்கா சாப்பிடக் கூப்பிட்டு அலுத்துப்போய், தட்டோடு இங்கேயே வந்து உட்கார்ந்தாள்.

மணி ஒன்றைத் தாண்டியபோது கடலோரத்தில் ஒரு மஞ்சள் புள்ளி தெரிந்தது. மறுபடி ஓடிவிடக் கூடாது என்று சாம்சன் அதன்மேல் விரலை அழுத்தினான். வரைபடம் நகர்ந்து ஆப்பிரிக்காவுக்குப் போய்விட்டது. அதைத் திரும்பக் கொண்டுவருவதற்குள் பிரின்சிக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது.

கிறிஸ்டினா அக்கா தன் போனில் வரைபடத்தை வைத்துக்கொண்டாள். பிரின்சி நைனாவைக் கூப்பிட்டாள். அவர் தொப்பி போட்டுக்கொண்டு வெட்டவெளியில் நின்றிருந்தார். பின்னால் கொடியில் சட்டைகள் காய்ந்தன. இன்னும் வரவில்லையே என்றார். கடல் பக்கம் பார்க்கச் சொன்னாள் பிரின்சி.

முதலில் சத்தம்தான் வந்தது. நைனா அண்ணாந்து பார்த்தார். தொப்பி கீழே விழுந்தது. போனில் அவர் தாடை தெரிந்தது, பிறகு வானம் தெரிந்தது. காலையில் பொட்டாக இருந்தது இப்போது பெரிதாக, சக்கரத்தை நீட்டிக்கொண்டு தாழப் போனது.

“வந்துச்சு” என்றார் நைனா. “வந்துச்சுடா.” கையைத் தூக்கித் தூக்கி ஆட்டினார்.

சாம்சன் அக்காவின் கையிலிருந்து போனைப் பிடுங்கினான். முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டான்.

“சொல்லிச்சா?”

“இன்னாடா?”

“நான் சொல்லி அனுப்பனது.”

நைனா திருதிருவென்று விழித்தார். அக்காவுக்கே தெரியாதது அவருக்கு எப்படித் தெரியும்? ஆமாம், சொன்னது என்று சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

“சத்தத்துல ஒண்ணும் கேக்கல கண்ணு. நீயே சொல்லேன்.”

விமானத்தை நம்பி ஒரு வேலை கொடுக்க முடியவில்லையே என்பதுபோல் சாம்சன் உச்சுக் கொட்டினான். பிறகு சொன்னான்:

“செருப்பு பத்தல. கால் பெருசாயிடுச்சு.”

சொன்னதோடு போனைப் பாயில் வைத்து, அதன்மேலேயே காலையும் வைத்துவிட்டான். நைனாவுக்கு எல்லாம் இருட்டாகத் தெரிந்திருக்கும். பிரின்சி போனை எடுத்துத் தள்ளிப் பிடித்தாள். புழுதி படிந்த குட்டிக் கால் இப்போது முழுசாகத் தெரிந்தது.

நைனா போனுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தார். விரல்களை விரித்து, அங்கிருந்தே அளந்து பார்த்தார்.

“எம்மாம் பெருசாயிடுச்சு” என்றார்.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், இன்னொரு காலையும் காட்டச் சொன்னார்.

“ரெண்டும் ஒரே அளவுதான் நைனா” என்றாள் பிரின்சி.

“இருக்கட்டும். காட்டச் சொல்லு.”

சாம்சன் இடது காலைத் தூக்கிக் காட்டினான்.