கடைசி சீசனில் வந்தவள்

ஞாயிற்றுக்கிழமை, காலை 9.20. இருங்காட்டுக்கோட்டையில் செல்வமேரி வாடகைக்கு விட்டிருந்த மாடி அறை. போனைப் பார்த்துக்கொண்டே லிசா கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"ரஞ்சனி, இது என் கையெழுத்துடி!"

யாரோ ஒரு யூடியூப்காரன் கத்திக்கொண்டிருந்தான். 'ஏழாம் சாவி' மர்மத் தொடரின் கடைசிப் பகுதி அன்று மாலை ஏழு மணிக்கு. அதன் முடிவு தன் கைக்குச் சிக்கிவிட்டதாம். ஆறு பக்கங்களை ஒவ்வொன்றாகத் திரையில் காட்டினான். அத்தனையும் லிசா மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு நோட்டில் எழுதிய முடிவு. முடிவை ஊகிக்கச் சொல்லித் தொடரை எடுத்தவர்கள் நடத்தும் போட்டிக்காக எழுதியது. வேறெங்கும் வெளிவந்திருக்கக் கூடாது என்பது விதி. எல்லாம் போச்சு.

ரஞ்சனி உடனே விசாரணையில் இறங்கிவிட்டாள். வல்லம் வடகாலில் கார் உதிரிப்பாகம் செய்யும் கம்பெனியில் அவள் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். மயிரிழைக் கீறலைக்கூட விடமாட்டாள். 'ஏழாம் சாவி' ரசிகர்களின் வாட்ஸ்அப் குரூப்புக்கும் அவள்தான் அட்மின். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். "கடைசி சீசன்ல எதுக்குப் புதுசா ஒரு தோட்டக்காரனக் கொண்டாறான்? அவன்தான் கொலைகாரன்" என்பது அவள் கட்சி.

லிசாவின் நோட்டு வேறு சொன்னது. புது ஆள் மேல் பழியைப் போடுவது சோம்பேறிக் கதை. முதல் சீசனிலிருந்து எல்லாரையும் விசாரிக்கிற அதிகாரிதான் குற்றவாளி, விசாரிப்பவரை யார் விசாரிக்கிறார்கள் என்று எழுதியிருந்தாள். வியாழக்கிழமை சாயங்காலம் ரஞ்சனி ஷிப்ட் முடிந்து, உள்ளே படம் எடுக்கக் கூடாதென்று கேட்டில் போன் கேமரா மேல் ஒட்டிவிட்ட சிவப்பு ஸ்டிக்கரைப் பிய்த்தெறிந்துவிட்டு கம்பெனி பஸ்ஸில் ஏறி, அந்தப் பக்கங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்தாள். ஒப்புக்கொள்ளவில்லை. உத்திரமேரூரில் இருக்கும் அவள் தம்பி தமிழ்வாணன்கூட, "லிசாக்கா சொல்றதுதான் கரெக்டு, நீ தோத்த" என்று கேலி செய்தான்.

9.40. ரஞ்சனி வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். ஆறு பக்கத்திலும் இடது மேல் மூலையில் புகை படிந்ததுபோல ஒரு மங்கல்.

"டியூப்லைட் வெளிச்சம். நம்ம ரூம்லதான் எடுத்துகீறாங்க" என்றாள்.

அறையில் மூன்று கட்டில்கள். மூன்றாவது கட்டில் அம்சவல்லியுடையது. செய்யாற்றிலிருந்து வந்து பன்னிரண்டு நாள்தான் ஆகிறது. அதில் உட்கார்ந்திருந்தவள் பக்கம் ரஞ்சனி திரும்பினாள்.

"வியாழக்கிழமை உனக்கு செகண்ட் ஷிப்ட். மத்தியானம் வரைக்கும் தனியாத்தான இருந்த?"

"ஆமாக்கா."

"நோட்டு இன்னாத்துக்கு உன் கட்டில்ல கெடந்துச்சு?"

"ஜன்னல்ல தண்ணி ஒழுகிச்சு. நனையக்கூடாதுன்னு எடுத்து வச்சேன்."

"படிச்சியா?"

"ரெண்டு பக்கம்."

"யாருக்கு அனுப்புன?"

"யாருக்கும் இல்லக்கா. எங்க கம்பெனில போனை கேட்லயே வாங்கி வச்சிக்கினு டோக்கன் குடுத்துடுவாங்க. யார்கிட்டக்கா நான் பேசப்போறேன்? இந்தாங்க, பாத்துக்கோங்க."

போனை நீட்டினாள். ரஞ்சனி வாங்கவில்லை. "அழிச்சுட்டுத்தான நீட்டுவ."

10.15. குரூப்பில் எழுதினாள்: 'லிசாவின் கதையைத் திருடியது எங்கள் ரூமுக்குப் புதிதாக வந்த அம்சவல்லி.' கைதட்டல்கள் குவிந்தன. 'அக்கா வேற லெவல்' என்றார்கள்.

10.50. விஷயம் காதில் விழுந்து செல்வமேரி மேலே வந்தாள். "திருட்டு கிருட்டுன்னா எனக்கு ஆவாதும்மா." அம்சவல்லி துணிப்பையையும் பிளாஸ்டிக் பக்கெட்டையும் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

11.30. கீழேயிருந்து செல்வமேரியின் குரல்: "ரஞ்சனி, காலிக் கட்டில ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. வேற ஆள் பாக்கணும்."

எடுத்தாள். இடது மேல் மூலையில் மங்கல்.

நல்ல பகல். டியூப்லைட் எரியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி இன்னொன்று எடுத்தாள். அதே மூலை. "எல்லா பீஸ்லயும் ஒரே எடத்துல குறை வந்தா ஆளத் திட்டாத, வார்க்கிற அச்சப் பாரு" என்று டிரெய்னிகளிடம் தினமும் சொல்கிறவள் அவள். கேமராக் கண்ணாடியை நகத்தால் சுரண்டினாள். பிசுபிசுவென்று கோந்து, அதோடு ஒரு சிவப்புத் துணுக்கு.

பஸ்ஸில் படிப்பதற்கென்று புதன்கிழமை நோட்டைப் போட்டோ எடுத்தது அவள்தான். அன்றைக்கே தம்பிக்கு அனுப்பியதும் அவள்தான். தம்பிதானே என்று அதை ஒரு கணக்கிலேயே அவள் சேர்க்கவில்லை.

"டேய், யாருக்குடா அனுப்புன?" என்று தம்பியிடம் போனில் கேட்டாள்.

"ஒரே ஒரு பிரெண்டுக்குத்தான்க்கா. யாருக்கும் அனுப்பாதன்னு சொல்லித்தான் அனுப்புனேன்."

ரஞ்சனியும் அவனுக்கு அப்படிச் சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்.

12.10. ஹைவே பஸ் ஸ்டாப். பக்கெட்டைக் கவிழ்த்து அதன்மேல் அம்சவல்லி உட்கார்ந்திருந்தாள். லிசாவையும் கையோடு கூட்டி வந்திருந்தாள் ரஞ்சனி.

"எடுத்தது என் போன். அந்த மங்கல் ஸ்டிக்கரோட கோந்து, தெனம் ஒட்டிப் பிய்க்கிறது இதுலதான். உன் போன்ல ஸ்டிக்கரே ஒட்டமாட்டாங்க. நீ நீட்டுனப்ப நான் வாங்கிப் பாத்திருந்தாலே தெரிஞ்சிருக்கும். லிசா, உன் கதையத் தொலைச்சது நான்தான். இவமேல பழி போட்டதும் நான்தான்."

லிசா அவளை ஒரு பார்வை பார்த்தாள். அம்சவல்லிதான் கேட்டாள்:

"ஏன்க்கா என்னை நெனச்சீங்க?"

"நீ புதுசு" என்றாள் ரஞ்சனி. சொல்லும்போதே வெட்கத்தில் தலை குனிந்தது. தோட்டக்காரனுக்கு வைத்த நியாயத்தை ஒரு மனுஷிக்கும் வைத்துவிட்டாள்.

"குரூப்ல எழுதுங்க."

எழுதினாள்: 'திருடியது புது ஆள் இல்லை. விசாரித்தவள்தான்.' சடசடவென்று பதில்கள் விழுந்தன. 'செம தியரி அக்கா!' 'அப்ப அதிகாரிதான் கொலைகாரனா?' 'கட்சி மாறிட்டீங்களா?'

அம்சவல்லி எட்டிப் பார்த்தாள். "கதைன்னு நெனச்சிக்கினு கீறாங்க. பேர் போட்டு எழுதுங்கக்கா. என் பேரப் போட்டுத்தான எழுதுனீங்க?"

ரஞ்சனி மறுபடி எழுதினாள். 'இது தொடரைப் பற்றி இல்லை. அம்சவல்லி எதையும் திருடவில்லை. நோட்டைப் போட்டோ எடுத்து வெளியே விட்டவள் உத்திரமேரூர் கன்னியப்பன் மகள் ரஞ்சனி. காலையில் நான் எழுதியது பொய்.' ஒருவர் பின் ஒருவராகப் படித்தார்கள். யாரும் பதில் போடவில்லை.

"ரூமுக்கு வந்துடும்மா" என்றாள் ரஞ்சனி.

"இல்லக்கா. இனிமே அந்த வூட்ல ஒரு பொருள் காணோம்னாலும் மொதல்ல என் மூஞ்சியத்தான் பாப்பாங்க."

காஞ்சிபுரம் பஸ் வந்தது. லிசாதான் பக்கெட்டைத் தூக்கிக் கொடுத்தாள். அதன் பிறகு ரஞ்சனிக்குப் பத்தடி முன்னால் தனியாக வீட்டுக்கு நடந்தாள்.

மாலை 7.00. கீழே செல்வமேரி டிவியைப் போட்டாள். தோட்டக்காரனா அதிகாரியா என்று பார்க்க ரஞ்சனி இறங்கிப் போகவில்லை.