மூன்று விரல்களுக்குக் கீழே

வெளி விறாந்தையில் யாரோ இரும்பு வாளியைத் தவறவிட்டார்கள். அந்தச் சத்தத்துக்குச் சோமசேகரத்தின் உடல் வில்லாக வளைந்திருக்க வேண்டும். வளையவில்லை.

மருந்து வேலைசெய்கிறது என்று பத்மாசினி நினைத்தாள்.

பங்கர்ப் பதுங்குகுழிக்கு மரக்குற்றி தூக்கும்போது காலில் ஏறிய ஆணி அவள் கணவனை இந்தக் கட்டிலுக்குக் கொண்டுவந்திருந்தது. காயத்தால் வந்து உடலை முறுக்கி இழுக்கும் ஏற்புவலிக்கு வெளிச்சமும் ஆகாது, சத்தமும் ஆகாது. யன்னல்களில் கறுப்புச் சீலை; மத்தியான வெயில் அதன் ஓட்டைகளில் மட்டும் ஊசிமுனைகளாய் நின்றது. டெற்றோல், வியர்வை, மண்ணெண்ணெய்ப் புகை. குழாய்க்குள் மயக்க மருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"இது இழுப்பை அடக்கும் அக்கா. எப்பவாவது ஒராளுக்கு இதயத்தையும் சேர்த்து அடக்கிப்போடும்," என்று தாதி ஸ்ரெல்லா காலையில் சொல்லியிருந்தாள். "நாடி பாக்கிற மெசினுக்குக் கரண்ட் இல்லை. நீங்கள்தான் மெசின். நாடி குறைஞ்சால் உடனை கூப்பிடுங்கோ, மருந்தை நிப்பாட்டோணும். பெருவிரலாலை பிடிக்காதேங்கோ, உங்கடை நாடிதான் கேக்கும்."

பத்மாசினியின் மூன்று விரல்களை அவன் மணிக்கட்டில் அவளே வைத்துவிட்டாள். "எத்தினை வருசத்துக்குப் பிறகு மனுசன்ரை கையைப் பிடிக்கிறியள்?"

"கலியாணத்தண்டு ஐயர் பிடிச்சுத் தந்தது. பிறகு எங்கை மிஸி நேரம்?"

அதன்பிறகு பசி, தூக்கம், பயம் எதுவும் அவளிடம் வரவில்லை. விரல்களுக்குக் கீழே அந்த அடிப்பு மட்டும் இருந்தது. ஸ்ரெல்லா கதவடியில் வந்து, "அடிக்குதே?" என்று கிசுகிசுப்பாள். "ஓம்." போய்விடுவாள்.

ஓர் ஈ அவன் இமையில் நடந்தது. இமை அசையவில்லை. மணிக்கட்டு குளிர்ந்திருந்தது. அடிப்பு நிற்கவில்லை.

மறுபடி வந்தபோது ஸ்ரெல்லா விளக்கைத் தூக்கிப் பார்த்தாள். அவன் நெஞ்சில் இதயம் கேட்கும் குழாயை வைத்தாள். நெடுநேரம் கேட்டாள். மருந்துச் சொட்டை நிறுத்தினாள்.

"அக்கா, எப்ப நிண்டது?"

"நிக்கேல்லை. அடிக்குது."

"உடம்பு விறைச்சுப்போச்சு அக்கா. அது உங்கடை நாடி."

பத்மாசினி இடக்கையைத் தன் கழுத்தில் வைத்தாள். அங்கே நாடி தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தது.

வலக்கை விரல்களுக்குக் கீழே ஒன்று. நீண்ட இடைவெளி. இன்னொன்று.

ஸ்ரெல்லா கைகளைப் பிரிக்க முயன்றாள். முடியவில்லை. விளக்கைக் கிட்டக் கொண்டுவந்தாள்.

அவன் கை மடிந்திருந்தது. பெருவிரல் விலகி நின்றது. நடு மூன்று விரல்களும் பத்மாசினியின் மணிக்கட்டில், நாடியின் மேல், அழுந்தியிருந்தன.

அவள் கழுத்தில் நாடியின் ஓட்டம் குறைந்தது.

ஒன்று. நீண்ட இடைவெளி.

இன்னொன்று.